அப்பா உட்காராத நாற்காலி

சாயங்காலம் ஆறு பத்து. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் எலெக்ட்ரிக் டிரெயினில் நின்றுகொண்டே வருகிற மனிதர். பாதி வழியில் சீட் காலியானால், கூடை வைத்திருக்கிற யாராவது ஒரு அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத் தான் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர், ஆபீஸ் கூட்டம் ஏறி இறங்குகிற நேரத்தில், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கீழே பிளாட்பாரத்துக் கடிகாரத்தில் ஆறு பத்து என்று பார்த்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். பூக்கடைக்காரர் ஒருவர் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது அப்பா அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல. கீழ்க்கட்டளைக்குச் சொல்லாத."

கீழ்க்கட்டளையில்தான் தாத்தா இருந்தார். அப்பாவைப் பெற்றவர். சித்தப்பா வீட்டோடு இருந்தார்.

என் வயதுக்காரர்களான உங்களிடம் இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுடைய ரூமில் இருக்கிற பையன், என்னவோ கேட்கப் போட்டவன், பேச்சுவாக்கில், "ஆன்ட்டி, அவனுக்கு இப்ப கை பரவாயில்லை" என்றான். எந்தக் கை, என்ன ஆச்சு என்று நான் கேட்டதும் அந்தப் பையன் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. பைக்கில் விழுந்து, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் ஓடிவிட்டிருந்தது. அந்த இரண்டு வாரமும் என் மகன் தினமும் என்னோடு பேசியிருக்கிறான். சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். இடது கையால் சாப்பிட்டேன் என்று சொல்லவில்லை. "நீ பயப்படுவம்மா, அதான்." இதுதான் அவன் பதில்.

பெங்களூருக்கு விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை ஓசூர் வரைக்கும் எடுக்கவே இல்லை. அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தாத்தாவும் அந்த நாற்காலியும் ஞாபகம் வந்தது.

*

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எண்பதுகளின் நடுப்பகுதி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, சமையல்கட்டு, பின்னால் குழாயடி. தம்பி எனக்கு மூன்று வயது இளையவன்.

அப்பா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார். "படுத்தா மூச்சு முட்டும். கொஞ்ச காலத்துக்கு உட்கார்ந்த வாக்கிலதான் தூங்கணும். முதுகு நல்லா நிமிர்ந்து இருக்கணும், ரெண்டு கையும் தாங்கலா வெச்சுக்கிற மாதிரி நாற்காலி. மெத்தையா இருக்கட்டும். தூக்கம்தாம்மா இவருக்கு இப்ப பாதி மருந்து."

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நாற்காலி இல்லை. மடக்கு ஸ்டீல் நாற்காலி இரண்டு இருந்தன. அவற்றுக்குக் கை கிடையாது. எதிர்வீட்டிலிருந்து கான்வாஸ் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அதில் அப்பா உள்ளே போய் மாட்டிக்கொண்டார். எழுந்திருக்க நானும் அம்மாவும் இழுக்கவேண்டியிருந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தால், கொஞ்ச நேரத்தில் சரிந்து கீழே வந்து இருமத் தொடங்குவார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்ப்பேன்: அப்பாவின் கண் சிவந்திருக்கும், அம்மாவின் கண் அதைவிடச் சிவந்திருக்கும். வீடு முழுக்க டிங்சர் வாடையும் கொதித்த சீரகத் தண்ணீர் வாடையும்.

அப்போதுதான் அம்மாவுக்குப் பரண் மேலிருந்த நாற்காலி ஞாபகம் வந்தது.

அது தாத்தாவின் நாற்காலி. தாத்தா கீழ்க்கட்டளையில் கிராம முன்சீப்பாக இருந்தவர். வரி வசூல், பிறப்பு இறப்பு, வரப்புச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான். அவர் உட்கார்ந்திருப்பார், ஊர் நிற்கும். அரசாங்கம் அந்த வேலையையே எடுத்துவிட்டது. மறுநாளே தாத்தா ஒரு டயர் மாட்டுவண்டியைக் கூப்பிட்டு நாற்காலியை ஏற்றி, "பெரியவன் வூட்ல போட்டுட்டு வா. என் கண்ணுல பட வேணாம்" என்று அனுப்பிவிட்டார். பிரம்பு கிழிந்து, ஒரு கை ஆடிக்கொண்டு வந்து சேர்ந்தது. அப்பா அதைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, குழாயடிப் பரண் மேல் வைத்தார். நான் அதை அதுவரைக்கும் சாக்கு மூட்டையாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சாக்கைப் பிரித்தபோது நானும் தம்பியும் வாயைப் பிளந்தோம். கறுத்துப் போன தேக்கு. முதுகுப் பலகையின் உச்சியில் ஒரு திராட்சைக் குலை, அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற இரண்டு கிளிகள். ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. கை வைக்கிற இடம் முன்னால் போய்த் துதிக்கை மாதிரிச் சுருண்டிருந்தது. தம்பி உடனே திராட்சைகளை எண்ண ஆரம்பித்தான். ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்ததும் நிறுத்திவிட்டான்.

*

பல்லாவரத்திலிருந்து பாய் வந்தார். எல்லாரும் குஷன் பாய் என்பார்கள். ஸ்கூட்டர் சீட், ஆட்டோ சீட், கல்யாண மண்டபத்து சோபா எல்லாம் அவர் கைதான். கட்டம் போட்ட லுங்கி, காதில் ஒரு துண்டுப் பென்சில்.

"இன்னாக்கா இது, மாட்டுக் கொட்டாயில இருந்துச்சா?" என்றார் முதல் பார்வையிலேயே. பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "மரம் ராஜா மாதிரி கீது. மத்ததுதான் எல்லாம் பேஜாரு. பிரம்பே பின்னிடட்டா, குஷன் போடட்டா?"

"குஷன் போடுங்க பாய். மெத்துனு இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிரம்பு முதுகை அறுக்கும்."

மிச்சமிருந்த பிரம்பை அவர் வெட்டி எடுத்தார். பொன்நிறமாக, பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாள். இப்போது நினைத்தால் ஒரு துண்டாவது எடுத்து வைத்திருக்கலாம்.

குழாயடிக்குப் பக்கத்தில்தான் வேலை நடந்தது. பாயும் அவருடைய மச்சானும். மச்சான் தச்சர். நாற்காலியை மரச் சுத்தியால் தட்டித் தட்டிக் கை தனி, கால் தனி, முதுகு தனியாகக் கழற்றிப் போட்டார்கள். பழைய பசையை உளியால் சுரண்டினார்கள். புதுசாக வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். அந்தப் பசை கொதிக்கிற வாடை இருக்கிறதே, செத்த எலியை வெல்லத்தில் போட்ட மாதிரி இருக்கும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி கொடுத்தாள். கறுத்த வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் வழித்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையில் நானும் தம்பியும் சேர்ந்துகொண்டோம். திராட்சை இடுக்குகளுக்குள் எங்கள் விரல்தான் போகும். தேய்க்கத் தேய்க்க மரம் தேன் நிறத்துக்கு வந்தது. அப்பா உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூப்பிட்டால் வெளியே வரமாட்டார்.

பாய் குஷன் போடுவது பார்க்கவேண்டிய வேலை. முதலில் அகலமான நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். மேலே ஸ்பிரிங், அதன் மேல் சாக்கு, தேங்காய் நார், பஞ்சு, கடைசியில் கருஞ்சிவப்பு ரெக்சின். சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து அடிப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவுக்குக் கேள்வி வரும்.

"ஏன் பாய், ரொம்ப நாள் தாங்குமா?"

"ம்ம்."

"ஸ்பிரிங் குத்தாதே?"

"ம்ம்ஹும்."

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

பாய் உடனே எல்லா ஆணியையும் கையில் துப்பிவிட்டுப் பதில் சொல்வார். நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மச்சான் தன் பங்குக்கு, யாரும் கேட்காமலேயே, மூக்கில்லாத கிளிக்கு ஒரு மூக்கு செதுக்கி ஒட்டினார். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. "அக்கா, இது காக்காக் கிளி" என்றான் தம்பி. அந்தப் பெயரே நிலைத்தது.

முன்னறையில் கொண்டுவந்து போட்டபோது அம்மா கற்பூரம் காட்டாத குறை. அப்பா நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். நாற்காலியின் கையைத் துடைத்தார், கிளியைத் துடைத்தார், துடைக்க ஒன்றுமில்லாத இடத்தையும் துடைத்தார்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"உட்காருங்க."

"பாலிஷ் வாடை அடிக்குது. நெஞ்சைக் கரிக்கும். நாளைக்குப் பார்ப்போம்."

சரிதானே என்று விட்டுவிட்டோம். நாளைக்கு வந்தது. ரெக்சின் முதுகில் ஒட்டும், வேர்க்கும் என்றார். அதுவும் சரிதான், பங்குனி வெயில். பாய் மறுபடி வந்து ரெக்சினைப் பிரித்துப் பச்சை நிறத்தில் பூப்போட்ட முரட்டுத் துணி போட்டார். எனக்கு அந்த ரெக்சினில் ஒரு பென்சில் பை தைத்துக் கொடுத்தார். வகுப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. எட்டாம் வகுப்பில் தொலைத்தேன்.

பச்சைத் துணி வந்தது. அப்பா மறுபடி துண்டால் துடைத்தார். "உயரமா இருக்கே. கால் தொங்கினா ரத்தம் எறங்கிடும்னு டாக்டர் சொன்னார்."

டாக்டர் அப்படிச் சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் பாய்க்கு ஆள் அனுப்பினாள்.

"இன்னாக்கா, சாருக்குப் புடிக்கலியா?"

"புடிச்சிருக்கு பாய். உயரமா இருக்காம்."

பாய் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நாரைக் குறைத்து, சீட்டை இறக்கினார். முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "சார், ஒரு தபா உக்காந்து காட்டுங்க. எங்க இடிக்குதுன்னு கையோட பாத்துடறேன்."

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "இல்ல பாய்... வாய் கொப்பளிச்சிட்டு வந்துடறேன்" என்று குழாயடிக்குப் போனவர், பாய் போகும் வரை வரவில்லை.

பாய் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்த நாற்காலில யாராச்சும் மவுத் ஆயிட்டாங்களா? அப்டி இருந்தா சில பேரு உக்கார மாட்டாங்க."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஐயோ, நல்ல நாளும் அதுவுமா! இதுல உட்கார்ந்தவர் கீழ்க்கட்டளையில குத்துக்கல்லாட்டம் இருக்கார்!"

குழாயடியில் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது.

*

குத்துக்கல்லாட்டம் இருந்த தாத்தாவிடம் நாங்கள் சொல்லியிருந்தது என்ன தெரியுமா? அப்பா அரக்கோணத்துக்கு ஆடிட் கேம்ப் போயிருக்கிறார் என்று.

அப்பா ஞாயிறு தவறாமல் கீழ்க்கட்டளைக்குப் போகிறவர். போய் என்ன பேசுவார் என்றால் ஒன்றும் பேசமாட்டார். தாத்தா கயிற்றுக் கட்டிலில் இருப்பார். அப்பா நிலைப்படி ஓரமாக நிற்பார். ஆபீஸ் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று இரண்டு கேள்வி. இரண்டு பதில். அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். அந்த அரை மணி நேரம் நின்றுபோன காரணத்தைத்தான் அரக்கோணம் என்று சொன்னோம். தாத்தாவுக்கு பி.பி. உண்டு. பெரிய பிள்ளைக்கு இருதயம் என்று கேட்டால் அங்கேயே விழுந்துவிடுவார் என்று அம்மாவும் அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்திருந்தார்கள். எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அரக்கோணம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தம்பிக்குத் தெரியாது. ஆனால் யார் கேட்டாலும் "அப்பா அரக்கோணம்" என்பான். ஒரு தடவை அப்பாவுக்கு எதிரிலேயே சொன்னான்.

அந்த வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தம்பி பக்கத்து வீட்டில். கதவு ஒருக்களித்திருந்தது.

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பார்த்தபடி, சம்மணம் போட்டு, இரண்டு கையையும் சீட்டின் மேல் மடித்து வைத்து, கை மேல் தலையைச் சாய்த்திருந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். பக்கத்தில் போனால் குறட்டை. அப்பா குறட்டை விட்டு அத்தனை வாரம் ஆகியிருந்தது. முதுகு ஒரே சீராக ஏறி இறங்கியது. தலைக்கு மேலே காக்காக் கிளி அவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் பையைக்கூட இறக்கவில்லை. மின்விசிறியின் ரெகுலேட்டர் கிர்ரென்று சத்தம் போடும். அதைத் தொடாமல் கைவிசிறியை எடுத்து, அம்மா வரும் வரை வீசிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பிறகு அவள் எடுத்த முடிவைக் கேளுங்கள்: "தலைக்குச் சரியா இருக்கு, உடம்புக்குத்தான் சரியில்ல. இன்னும் கொஞ்சம் எறக்கச் சொல்லணும்."

பாய் மாற்றிப் போட மூன்றாவது முறை வந்தார். "இதுக்கு மேல எறக்கினா காலே இருக்காதுக்கா" என்றார். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி நிரப்பி, முதுகுக்குச் சாய்மானம் வருகிற மாதிரி முன்கால் இரண்டுக்கும் அடியில் கட்டை கொடுத்தார். அப்பா துண்டால் துடைத்தார்.

"சிம்மாசனமா செஞ்சு தரணும் உங்களுக்கு? என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" அம்மா அன்று கத்தியே விட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் காலில் வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. டாக்டர் தூக்கம் எப்படி என்று கேட்டபோது அம்மா அழுதாள். இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதுதான் என்றார் அவர்.

*

அத்தை குரோம்பேட்டையில் இருந்தாள், அப்பாவின் தங்கை. அவளுக்கும் பாதிதான் தெரியும். ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறாள். நாற்காலிக் கதை தெரியாது. அந்தச் சனிக்கிழமை வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா வழக்கம்போலத் தரையில், தலை சீட்டின் மேல். அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணி, நீங்க குஷன மாத்தினா இன்னா, சக்கரம் வெச்சா இன்னா? அண்ணன் அதுல உக்காராது. அது நைனா நாற்காலி."

நைனா என்பது தாத்தா. அப்பா, அத்தை, சித்தப்பா மூவருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "அவர்தான் வேணாம்னு அனுப்பிட்டாரே?"

"அனுப்பினா? நைனா இருக்கச்சொல்ல அவரு நாற்காலில புள்ள உக்காருமா? நாங்க மூணு பேரும் பொறந்ததுலருந்து அது மேல ஒக்காந்ததில்ல. ஒரே ஒரு தபா சின்ன அண்ணன் ஒக்காந்துச்சு, ஏழு எட்டு வயசு இருக்கும். நைனா குளிச்சிட்டு வந்து பாத்தாரு. திட்டலை, அடிக்கலை. அன்னிக்குப் பூரா நாற்காலில ஒக்காரவே இல்ல. நின்னுகினே ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பாத்தாரு. சாயந்தரம் வரைக்கும் நின்னாரு. பெரியண்ணன் மூலையில நின்னு அழுதுகினே பாத்துச்சு. அதோட சரி. எவனும் அது கிட்டயே போவலை."

"அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா மனுஷன்? நான் பாயை மூணு தடவை திரும்ப வரவழைச்சேனே!"

"இன்னான்னு சொல்லும் அண்ணி? நைனா இருக்கறப்ப உக்கார மாட்டேன்னா, நைனா போனப்புறம் உக்காருவேன்னு ஆயிடாது? அந்த வார்த்தை அண்ணன் வாயில வருமா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, "வேற நாற்காலி வாங்கிடறேன்" என்றாள்.

"வாங்குங்க. ஆனா நைனாவுக்கு எத்தினி நாளைக்கு அரக்கோணம் காட்டுவீங்க? ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறாராம். பல்லாவரத்துலருந்து வர்ற வண்டியெல்லாம் பாத்துட்டு, வூட்டுக்கு வந்து சாப்பாடு வேணாம்னுட்டுப் படுத்துக்கறாராம். பெரியவனுக்கு எம்மேல இன்னா கோவம்னு கேக்கறாரு. நாளைக்கு நான் போய் இட்டுகினு வரேன்."

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க அண்ணன் தாங்கமாட்டார்."

"இப்ப மட்டும் ரெண்டு பேரும் தாங்கிகினா கீறாங்க?" என்றாள் அத்தை.

பெங்களூர் பஸ்ஸில் எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் மற்றவர் தாங்கமாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரம் வரும் வரை தாத்தாவின் கை ஜன்னல் கம்பியை எப்படிப் பிடித்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். என் மகன் இப்போது என்னோடுதான் இருக்கிறான். அதே நாற்காலியில், ஒரு கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் மொபைலோடு. துணி எத்தனையோ முறை மாறிவிட்டது. காக்காக் கிளி அப்படியே இருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறான். நான் நம்புவதில்லை. ஆனால் கேட்கிறேன்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் கறுப்புக் குடை தெரிந்ததைத் தம்பிதான் முதலில் பார்த்தான். தாத்தா முன்னால் வந்துகொண்டிருந்தார். அத்தை ஓட்டமும் நடையுமாகப் பின்னால். ஆட்டோ வேண்டாம் என்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வேட்டியின் ஓரமெல்லாம் புழுதி.

உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அரக்கோணத்துலருந்து எப்போம்மா வந்தான்?"

அம்மா சாம்பல் கையோடு அப்படியே அழுதுவிட்டாள். "மாமா, உங்களுக்கு பி.பி...."

"நான் இன்னா கண்ணாடி டம்ளரா, கீழ வுட்டா ஒடையறதுக்கு? ஊர்ல எத்தினி சாவு எழுதியிருக்கேன் என் கையால. எம்புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா எனக்குச் சொல்றதுக்கு இந்த வூட்ல ஒரு ஆள் இல்ல?"

அப்பா எழுந்து நின்றிருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நிலைப்படி ஓரத்தில் நிற்கிற அதே மாதிரி. தாத்தா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். காலைப் பார்த்தார். வீக்கத்தைப் பார்த்தார்.

"இன்னாடா இப்பிடி ஆயிட்ட?"

"ஒண்ணுமில்ல நைனா."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் உங்களாலதான் நைனா, தூங்கறதுக்குக்கூட உங்க நாற்காலில ஒக்கார மாட்டேங்குது. சின்னண்ணன் ஒக்காந்துச்சுன்னு ஒரு நாள் பூரா நின்னீங்களே, அந்தப் பயம்தான் இதுக்கு இன்னும் போவல."

"எப்போடி?"

"எப்பவா? நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கச்சொல்ல! வரப்புச் சண்டைன்னு ஊரே வந்திருந்துச்சே!"

தாத்தா நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவர் முகத்தில் ஒன்று மெதுவாக வந்தது. வெட்கம் என்றுதான் சொல்லவேண்டும். "அது இல்லடி. அன்னிக்கு எனக்கு உக்கார்ற எடத்துல கட்டி. முன்சீப்புக்கு அங்க கட்டின்னு ஊர்ல எவன்கிட்ட சொல்றது? அதான் நின்னேன். அவன் ஒக்காந்ததை நான் பாக்கவே இல்லியே."

முதலில் தம்பி 'களுக்' என்றான். அம்மா அழுகையோடு சிரித்தாள். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், தாத்தா இரண்டே எட்டில் வந்து அவர் முதுகைத் தடவினார். தாத்தா அப்பாவைத் தொட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. (அன்று நிஜமாகவே கட்டி இருந்ததா, அந்த நிமிடம் சொன்ன பொய்யா என்று அத்தையும் சித்தப்பாவும் இன்று வரைக்கும் சண்டை போடுகிறார்கள்.)

இருமல் அடங்கியது. அத்தை, "இப்ப ஒக்காரு அண்ணா" என்றாள். அப்பா நகரவில்லை. கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நைனாவின் நாற்காலி. நைனா எதிரில் நிற்கிறார்.

தாத்தாவுக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நாற்காலியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சீட்டை விரலால் அமுக்கினார். பச்சைத் துணியைத் தடவினார். முன்கால்களுக்கு அடியில் இருந்த கட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, காக்காக் கிளியின் மூக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"என் நாற்காலி எங்கம்மா?"

அம்மா சாம்பல் கையால் அதைக் காட்டினாள். "இதுதான் மாமா. ரிப்பேர் பண்ணி..."

"இதுவா?" தாத்தா சுவரோரமாக இருந்த மடக்கு ஸ்டீல் நாற்காலியை இழுத்து விரித்தார். அதில் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னுது பிரம்பு போட்டது. அந்தக் கிளிக்கு மூக்கு கெடையாது. இது எவனோ உன் ஒடம்புக்குன்னு புதுசா செஞ்சு குடுத்திருக்கான். உக்காருடா, மூச்சு வாங்குது பாரு."